மேக்ரோ ஓட்டியதும் தேதி மாறிப்போகிறதா? கடைக் கணக்கு எழுதுகிறவர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

மதுரையில் கடைகளுக்கும் மண்டிகளுக்கும் எக்செல் கணக்கு போட்டுக் கொடுப்பதும், அதற்கு வேண்டிய மேக்ரோ (எக்செல் தானாகச் செய்ய வேண்டிய வேலையை எழுதிவைக்கும் கட்டளைத் தொகுப்பு) எழுதுவதும் என் வேலை. கீழமாசி வீதி மளிகை மண்டியாக இருந்தாலும் சரி, மாட்டுத்தாவணி பூக்கடையாக இருந்தாலும் சரி, திரும்பத் திரும்ப வரும் போன் ஒன்றுதான்: "அண்ணே, ஏப்ரல் வரவு டிசம்பர்ல போய் நிக்குது." ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

இதில் வரும் கட்டளைகளைத் தமிழில் எழுதியிருந்தாலும், மேக்ரோ எழுதும் மொழியான விபிஏவின் எடிட்டரில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். டேட்சீரியல், சிடேட் என்று நான் சேர்த்து எழுதுவதை அங்கேயும் இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக அடியுங்கள்.

கையால் அடித்தால் தேதி சரியாக இருக்கிறது. அதையே மேக்ரோ எழுதினால் ஏன் மாறுகிறது?

கையால் அடிப்பதை எக்செல் ஒரு ஊர் வழக்கத்திலும், மேக்ரோ எழுதுவதை இன்னொரு ஊர் வழக்கத்திலும் படிப்பதால்தான். நீங்கள் செல்லில் 05/04/2024 என்று அடித்தால், விண்டோஸில் எந்த நாடு வைத்திருக்கிறீர்கள் என்று எக்செல் பார்க்கும். இந்தியா என்றால் முதலில் நாள், அப்புறம் மாதம். ஏப்ரல் 5 என்று சரியாக எடுத்துக்கொள்ளும். விபிஏவின் தாய்மொழி அமெரிக்க ஆங்கிலம். மேக்ரோவிலிருந்து அதே எழுத்துகளைச் செல்லில் போட்டால் முதலில் இருப்பது மாதம் என்று எடுத்துக்கொண்டு மே 4 ஆக்கிவிடும். அங்கே பிழைச் செய்தி எதுவும் வராது.

மேக்ரோவுக்குள் இரண்டு ஹாஷ் (#) குறிகளுக்கு நடுவே தேதி எழுதுவீர்களே, அதுவும் எப்போதும் மாதம்–நாள்–வருஷம் என்ற வரிசைதான். கணினியில் எந்த நாடு வைத்திருந்தாலும் அது மாறாது.

எல்லாத் தேதியும் மாறவில்லை, பாதிக்கு மேல் சரியாகத்தான் இருக்கிறது. அப்படியானால் மேக்ரோவில் தப்பில்லைதானே?

தப்பு இருக்கிறது. 25/04/2024 என்பதில் 25-ஐ மாதமாக்க முடியாது. அதனால் எக்செல் அதை நாள் முதலில் என்றே படித்துவிடும், இல்லையென்றால் தேதியாக்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும். மாறுவது 1 முதல் 12 வரையுள்ள நாட்கள் மட்டும். 12 மாதத்துக்கு 12 நாள் வீதம் 144 தேதிகள். அதில் 1/1, 2/2 போன்ற 12 தேதிகள் எப்படிப் படித்தாலும் ஒன்றே. மீதி 132 தேதிகள் சத்தமில்லாமல் இடம் மாறும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. ஏப்ரல் மாதக் கணக்கு மட்டும் உள்ள ஷீட்டை எடுங்கள். தேதி மாறியிருந்தால் ஏப்ரல் 1 ஜனவரி 4 ஆகியிருக்கும், ஏப்ரல் 2 பிப்ரவரி 4, ஏப்ரல் 12 டிசம்பர் 4. அதாவது வருஷம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் தேதிகள் எல்லாமே 4-ம் தேதியாக இருக்கும். ஃபில்டர் அம்பைத் திறந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

எக்செல் உள்ளுக்குள் தேதியை எப்படி வைத்திருக்கிறது?

வெறும் எண்ணாக. 1900 ஜனவரி 1 என்பது 1. அங்கிருந்து ஒரு நாளுக்கு ஒன்று கூடும். 2024 ஏப்ரல் 5 என்றால் 45387, மே 4 என்றால் 45416. செல்லில் நாம் பார்ப்பது அந்த எண்ணுக்குப் போட்ட சட்டை மட்டும்தான். ஃபார்மேட்டை மாற்றினால் சட்டை மாறுமே தவிர எண் மாறாது. அதனால்தான் தப்பாகிப்போன தேதிக்கு எத்தனை முறை ஃபார்மேட் மாற்றினாலும் சரியாவதில்லை.

இந்த எண்ணில் ஒரு பழைய கோளாறும் இருக்கிறது. 1900-ல் பிப்ரவரி 29 கிடையாது. ஆனால் எக்செல் 60 என்ற எண்ணை அந்த இல்லாத நாளுக்குக் கொடுத்து வைத்திருக்கிறது. லோட்டஸ் 1-2-3 என்ற முந்தைய மென்பொருளோடு ஒத்துப்போக வேண்டும் என்று தெரிந்தே விட்ட பிழை அது. விபிஏ அப்படிக் கணக்குப் போடாது. 1900 மார்ச் 1 முதல் இரண்டும் ஒத்துப்போகும் என்பதால் கடைக் கணக்குக்கு இதனால் தொந்தரவில்லை.

ஒரு செல்லில் இருப்பது தேதியா, எழுத்தா என்று பார்க்க, மேக்ரோவில் டைப்நேம் கட்டளையில் அந்தச் செல்லின் வேல்யூவைக் கொடுங்கள். டேட் என்று வந்தால் தேதி, ஸ்ட்ரிங் என்று வந்தால் எழுத்து. ஷீட்டிலேயே பார்ப்பதென்றால் நீங்கள் அலைன்மென்ட் எதுவும் மாற்றாமல் இருக்கும்போது தேதி செல்லின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் நிற்கும்.

நான் ஃபார்மேட் கட்டளை போட்டு நாள்–மாதம்–வருஷம் என்று மாற்றித்தானே செல்லில் எழுதுகிறேன்?

அதுதான் வினையே. ஃபார்மேட் கட்டளை திருப்பித் தருவது தேதியல்ல, எழுத்து. நல்ல தேதியை எடுத்து எழுத்தாக்கி, அந்த எழுத்தைத் திரும்பச் செல்லில் போடுகிறீர்கள். எக்செல் அதை மறுபடி தேதியாக்கும்போது அமெரிக்க வழக்கம் வந்துவிடும். என்னிடம் வரும் மேக்ரோக்களில் நான் அதிகம் பார்க்கும் தப்பு இதுதான்.

தேதியைத் தேதியாகவே செல்லில் போடுங்கள். எப்படித் தெரிய வேண்டும் என்பதைச் செல்லின் நம்பர்ஃபார்மேட் என்ற பண்பில் தனியாகச் சொல்லுங்கள். ஃபார்மேட் கட்டளையை பில்லின் தலைப்பு, மெசேஜ் பாக்ஸ், ஃபைல் பெயர் என்று மனிதர் படிக்கிற இடங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பிழையே வராத வழி என்ன?

தேதியை எக்செல் ஊகிக்க விடாதீர்கள். நாள், மாதம், வருஷம் மூன்றையும் தனித்தனி எண்ணாகப் பிரித்து டேட்சீரியலிடம் கொடுங்கள். டேட்சீரியல்(2024, 4, 5) என்றால் உலகத்தில் எந்தக் கணினியிலும் ஏப்ரல் 5 தான். அதில் எந்த நாட்டு வழக்கத்துக்கும் இடமே இல்லை.

நம் ஊரில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. நாம் கையெழுத்தில் 5.4.2024 என்று புள்ளி வைத்து எழுதிப் பழகியவர்கள். அரசு ஆணையிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரை அப்படித்தான். இந்திய செட்டிங்கில் இருக்கிற எக்செல்லுக்குப் புள்ளி வைத்த தேதி புரியாது, எழுத்தாகவே வைத்துக்கொள்ளும். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. தப்பான தேதியாக மாறுவதைவிட எழுத்தாக நிற்பது எவ்வளவோ மேல், பிரித்து எடுத்துவிடலாம்.

நான் எல்லா ஃபைலிலும் ஒரே ஃபங்ஷனைத்தான் வைத்திருக்கிறேன். அது செய்யும் வேலை இவ்வளவுதான். வந்த எழுத்தில் முன்னும் பின்னும் இருக்கும் இடைவெளியை டிரிம் போட்டு எடுக்கும். இணையப் பக்கத்திலிருந்து ஒட்டியதாக இருந்தால் 160 என்ற எண்ணுள்ள கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். டிரிம் அதைத் தொடாது, அதனால் ரீப்ளேஸ் போட்டுத் தனியாக நீக்க வேண்டும். அப்புறம் புள்ளி, சிறுகோடு இரண்டையும் சாய்கோடாக மாற்றி, ஸ்ப்ளிட் கட்டளையால் மூன்று துண்டாக்கும். மூன்று துண்டு வரவில்லை என்றாலும், ஏதாவது ஒரு துண்டு எண்ணாக இல்லை என்றாலும் அந்த வரிசைக்குச் சிவப்பு நிறம் அடித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். வருஷம் 100-க்குக் கீழே இருந்தால் 2000 கூட்டும். இதை எக்செல்லிடம் விட்டால் 30 என்பதை ஒரு கணினி 1930 என்றும் இன்னொரு கணினி 2030 என்றும் எடுக்கும். கடைசியில் டேட்சீரியல்.

அதோடு முடிக்காதீர்கள். டேட்சீரியலுக்குக் கோபமே வராது. 13-ம் மாதம் என்று கொடுத்தால் அடுத்த வருஷம் ஜனவரிக்குத் தள்ளிவிடும். 2024 பிப்ரவரி 31 என்று கொடுத்தால் மார்ச் 2 என்று திருப்பித் தரும். அதனால் வந்த விடையின் நாளும் மாதமும் நாம் கொடுத்ததோடு ஒத்துப்போகிறதா என்று ஒரு இஃப் போட்டுப் பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் அதற்கும் சிவப்பு.

செல்லில் எழுதும்போது முதலில் நம்பர்ஃபார்மேட்டை வைத்துவிட்டு, அதன் பிறகு வேல்யூவைப் போடுங்கள். அந்தச் செல் முன்பே டெக்ஸ்ட் ஃபார்மேட்டில் இருந்தால் நீங்கள் போடும் நல்ல தேதியும் எழுத்தாகவே உட்கார்ந்துவிடும்.

இவ்வளவு எதற்கு? எழுத்தைத் தேதியாக்கும் சிடேட் கட்டளை ஒரே வரியில் முடித்துவிடுமே?

முடிக்கும், உங்கள் கணினியில். சிடேட் விண்டோஸின் நாட்டு செட்டிங்கைப் பார்த்துப் படிக்கும். ஆடிட்டர் ஆபீஸ் லேப்டாப்பில் அமெரிக்கா என்று இருந்தால் அதே ஃபைல் அங்கே வேறு விடை தரும். இன்னொன்று, 05/13/2024 என்று தலைகீழாக யாராவது அடித்திருந்தால் சிடேட் தானே திருப்பிப் போட்டு மே 13 ஆக்கிவிடும். இஸ்டேட் என்று சோதித்தாலும் "ஆம், தேதிதான்" என்று சொல்லும். யாரோ மாதத்தை முதலில் அடிக்கிறார்கள் என்ற செய்தி நமக்கு வராமலே போகும்.

வங்கி ஸ்டேட்மென்டை சிஎஸ்வியாக (கமா போட்டுப் பிரித்த வெறும் எழுத்து ஃபைலாக) எடுத்து மேக்ரோவில் திறந்தால் தேதி எல்லாம் கலைந்துவிடுகிறது. டபுள் கிளிக் செய்து திறந்தால் சரியாக இருக்கிறது.

முதல் கேள்விக்குச் சொன்ன காரணம்தான். டபுள் கிளிக் செய்தால் கணினியின் செட்டிங், மேக்ரோவில் வொர்க்புக்ஸ்.ஓப்பன் என்று திறந்தால் அமெரிக்க வழக்கம். அந்த ஓப்பன் கட்டளையிலேயே லோக்கல் என்று ஒரு வாய்ப்பு உண்டு, அதை ட்ரூ ஆக்குங்கள். கணினியில் இந்திய செட்டிங் இருக்கும்வரை அதுவே போதும்.

எந்தக் கணினியிலும் ஓட வேண்டுமென்றால் ஓப்பன்டெக்ஸ்ட் கட்டளையில் ஃபீல்ட்இன்ஃபோ கொடுத்து, தேதி இருக்கும் நெடுவரிசைக்கு 4 என்று எழுதுங்கள். நாள்–மாதம்–வருஷம் என்று அதற்கு அர்த்தம். 3 என்றால் மாதம் முதலில், 5 என்றால் வருஷம் முதலில். ஒரு சூட்சுமம்: ஃபைல் பெயர் சிஎஸ்வி என்று முடிந்தால் எக்செல் இந்த ஃபீல்ட்இன்ஃபோவைக் கண்டுகொள்ளாது. மேக்ரோவிலேயே ஒரு நகல் எடுத்து, முடிவை டிஎக்ஸ்டி என்று மாற்றிவிட்டுத் திறக்க வேண்டும். இது தெரியாமல் நான் ஒரு நாள் முழுக்க ஃபீல்ட்இன்ஃபோ வரியையே மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தேன்.

மேக்ரோவிலிருந்து சிஎஸ்வியாகச் சேமிக்கும்போதும் இதே கதை. சேவ்ஆஸ் கட்டளையிலும் லோக்கலை ட்ரூ ஆக்காவிட்டால் தேதிகள் அமெரிக்க முறையில் போய்விடும்.

பழைய ஷீட்டில் தேதி ஏற்கனவே மாறிப்போய்விட்டது. எப்படித் திருத்துவது?

இதற்குப் பதில் சொல்லும் முன் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு பூக் கமிஷன் கடைக்கு நான் மேக்ரோ எழுதிக் கொடுத்திருந்தேன். மல்லிகைக்கு நாளுக்கு ஒரு விலை, முகூர்த்த நாளென்றால் தனி விலை. ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாத வரவைச் சேர்த்து, தேதியை வைத்து விலைப் பட்டியலில் தேடி, விவசாயிக்கு எவ்வளவு என்று மேக்ரோ சொல்லும். ஓட்டியதும் நிறைய வரிசைகளில் விலை கிடைக்கவில்லை என்று பிழை வந்தது. ஏப்ரல் 1 ஜனவரி 4 ஆகியிருந்தது, ஜனவரிக்குப் பட்டியலில் விலை இல்லை. பிழை காட்டிய வரிசைகளை மட்டும் கையால் திருத்திக் கொடுத்துவிட்டேன்.

பிழை காட்டாதவை ஆறு நாட்கள். ஏப்ரல் 5 மே 4 ஆகியிருந்தது, ஏப்ரல் 6 ஜூன் 4. மே 4, மே 6, ஜூன் 4, ஜூன் 5 இவையும் அப்படியே. மாறிப்போன தேதியும் அந்த மூன்று மாதத்துக்குள்ளேயே விழுந்ததால் ஏதோ ஒரு விலை கிடைத்துவிட்டது. உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர் நான்காக மடித்த துண்டுச் சீட்டைக் கொண்டுவந்து மேஜையில் விரித்தார். நீல பேனாவில் "5.4" என்று தேதி, எடை, அன்றைய விலை. "தம்பி, அன்னைக்கு முகூர்த்தம். இந்த விலையா போட்டிருக்கீக?" என்று கேட்டார். அவர் சீட்டுதான் சரி. கடைக்காரர் அன்றே மீதியைக் கொடுத்துவிட்டார். சீட்டை எடுத்து வைக்காத மற்றவர்களுடையதையும் நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். பிழை காட்டுகிற வரிசையைவிடப் பிழை காட்டாத வரிசையைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்று அன்றிலிருந்து வைத்திருக்கிறேன்.

இப்போது திருத்தும் முறை. முதலில் ஃபைலை நகல் எடுங்கள். பழைய தேதி நெடுவரிசையைத் தொடாமல் பக்கத்தில் புதிதாக ஒன்று சேர்த்து, விடையை அங்கே எழுதுங்கள். செல்லில் இருப்பது எழுத்து என்றால் மேலே சொன்ன ஃபங்ஷனிடம் அனுப்புங்கள். உண்மையான தேதியாக இருந்து, அதன் நாள் 12 அல்லது அதற்குக் கீழே என்றால், டேட்சீரியலில் மாதத்தின் இடத்தில் அதன் நாளையும், நாளின் இடத்தில் அதன் மாதத்தையும் கொடுத்துத் திருப்பிப் போடுங்கள். நாள் 12-க்கு மேல் இருந்தால் அது இடம் மாறியிருக்க முடியாது, அப்படியே விடுங்கள்.

இதை ஒரே ஒரு முறைதான் ஓட்ட வேண்டும். இரண்டாம் முறை அதே நெடுவரிசையில் ஓட்டினால் சரியானது திரும்பத் தப்பாகிவிடும். பாதி வரிசை கையால் அடித்தது, பாதி மேக்ரோ எழுதியது என்று கலந்திருந்தால் இந்த முறை ஆகவே ஆகாது. அப்போது பில் நம்பர்தான் சாட்சி. பில் நம்பர் ஏற ஏறத் தேதியும் ஏற வேண்டும். முந்தைய பில்லைவிடப் பின்னுக்குப் போகும் தேதியும், திடீரென்று மாதம் தாண்டிக் குதிக்கும் தேதியும் தானாகவே வெளியே தெரியும்.

டேட்டா மெனுவில் டெக்ஸ்ட் டு காலம்ஸ் என்று ஒன்று இருக்கிறதே, அது எழுத்தாக நிற்கும் தேதிகளுக்கு நல்ல மருந்து. கடைசிப் படியில் டேட் என்பதைத் தேர்ந்து டிஎம்ஒய் (நாள்–மாதம்–வருஷம்) வையுங்கள். ஏற்கனவே மாறிப்போன தேதியை அது மீட்டுத் தராது.

மேக்ரோவில் தேதி வைத்து ஃபில்டர் போட்டால் ஷீட் காலியாகிவிடுகிறது.

ஃபில்டரில் கொடுக்கும் தேதியும் எழுத்தாகத்தான் போகிறது, அதையும் அமெரிக்க முறையில்தான் படிக்கும். தேதியை சிஎல்என்ஜி போட்டு எண்ணாக்கி, "இந்த எண்ணுக்குச் சமம் அல்லது மேல்", "அடுத்த நாளின் எண்ணுக்குக் கீழ்" என்று இரண்டு நிபந்தனையாகக் கொடுங்கள். தேதியோடு நேரமும் சேர்ந்திருந்தாலும் இது பிடித்துவிடும்.

தேதியைத் தேடுவதற்கு ஃபைண்ட் கட்டளையை நம்பாதீர்கள். அதே எண்ணை மேட்ச் ஃபங்ஷனில் கொடுத்தால் போதும்.

மேக்ரோ தேதிக்குப் பதிலாக ஹாஷ் குறிகளை எடுத்து வருகிறது.

செல்லின் டெக்ஸ்ட் என்ற பண்பைப் படிக்கிறீர்கள். அது திரையில் தெரிவதை அப்படியே தரும். நெடுவரிசை அகலம் குறைவாக இருந்தால் ஹாஷ்தான் வரும். வேல்யூ2 என்று மாற்றுங்கள், எண் கிடைக்கும்.

என் கணினியில் ஓடுகிற மேக்ரோ, கடைக் கணினியில் டேட் அல்லது ஃபார்மேட் என்ற சொல்லில் நின்று, லைப்ரரி இல்லை என்கிறது.

தேதியில் கோளாறில்லை. விபிஏ எடிட்டரில் டூல்ஸ், ரெஃபரன்சஸ் திறந்து பாருங்கள். மிஸ்ஸிங் என்று ஒரு வரி இருக்கும், அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால், நீங்களே டேட் அல்லது ஃபார்மேட் என்று ஒரு மாட்யூலுக்கோ மாறிக்கோ பெயர் வைத்திருக்கிறீர்களா என்று தேடுங்கள்.

இன்னொரு ஃபைலிலிருந்து ஒட்டியதும் தேதிகள் நாலு வருஷம் தள்ளிப்போய்விட்டன.

அந்த ஃபைல் பழைய மேக் கணினியில் தொடங்கியதாக இருக்கலாம். அங்கே எண்ணிக்கை 1904-லிருந்து தொடங்கும். வித்தியாசம் 1462 நாள், அதாவது நாலு வருஷமும் ஒரு நாளும். எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது என்று பார்த்து அதைக் கூட்டுங்கள் அல்லது கழியுங்கள்.

கூகுள் ஷீட்ஸில் ஸ்கிரிப்ட் எழுதுகிறோம். அங்கே தேதி ஒரு நாள் முன்னால் போகிறது.

அங்கே நேர மண்டலம்தான் காரணம். ஷீட்டுக்கு ஒன்று, ஸ்கிரிப்ட்டுக்கு ஒன்று என இரண்டு செட்டிங் உண்டு. ஷீட்டில் ஏப்ரல் 5 என்றால் நம் நேரப்படி நள்ளிரவு 12 மணி. நியூயார்க்கில் அப்போது ஏப்ரல் 4 மதியம் 2.30. ஸ்கிரிப்ட் அந்த ஊர் நேரத்தில் இருந்தால் 4 என்றுதான் எழுதும். ஃபைல் செட்டிங்ஸில் லொகேல் இந்தியா, டைம் ஸோன் கொல்கத்தா என்று வைத்துவிட்டு, ஸ்கிரிப்ட்டின் ப்ராஜெக்ட் செட்டிங்ஸிலும் அதையே வையுங்கள்.

அந்த ஸ்கிரிப்ட் மொழியில் மாதம் 0-லிருந்து எண்ணப்படும். ஏப்ரலுக்கு 4 போட்டால் மே வந்துவிடும், 3 போட வேண்டும். தேதியை எழுத்தாக்கும்போது மாதத்துக்குப் பெரிய எம், நிமிஷத்துக்குச் சின்ன எம். மாற்றிப் போட்டால் 05/00/2024 என்று வரும்.

லிப்ரே ஆபீஸில்?

எண்ணாகத்தான் வைக்கிறது, டேட்சீரியலும் அங்கே உண்டு. கூடுதலாக ஒரு வசதி: ஆப்ஷன்ஸில் மொழி அமைப்புகளுக்குள் தேதி ஏற்பு வடிவங்கள் என்று ஒரு பெட்டி இருக்கிறது. அதில் புள்ளி வைத்த வடிவத்தையும் சேர்த்துவிட்டால் 5.4.2024 என்று அடித்தாலே தேதியாக எடுத்துக்கொள்ளும். நம் கடைப் பிள்ளைகளுக்கு இது பெரிய உதவி.

எல்லாக் கணினியிலும் செட்டிங்கை அமெரிக்கா ஆக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

மேக்ரோ பக்கம் தீரும், அடிக்கிறவர் பக்கம் வெடிக்கும். கடையில் உட்கார்ந்திருப்பவர் நாளைத்தான் முதலில் அடிப்பார், அந்தப் பழக்கத்தை மாற்றச் சொல்வது நியாயமில்லை. லட்சம், கோடி என்று கமா விழுவதும் மாறிவிடும்.

கடையில் தேதி அடிக்கும் ஃபார்மை எப்படி அமைத்தால் நல்லது?

ஒரே பெட்டியில் முழுத் தேதியையும் அடிக்க விடாதீர்கள். நாளுக்கு ஒரு பெட்டி, மாதத்துக்கு ஏப்ரல், மே என்று பெயர் போட்ட பட்டியல், வருஷத்துக்கு ஒரு பெட்டி. மூன்றும் நேராக டேட்சீரியலுக்குப் போகட்டும். ஃபார்மின் கீழே, அடித்த தேதியையும் கிழமையையும் பெரிய எழுத்தில் காட்டுங்கள். "5 ஏப்ரல் 2024, வெள்ளிக்கிழமை" என்று தெரிந்தால், அன்று வெள்ளி இல்லையே என்று கல்லாவில் இருப்பவரே நிறுத்திவிடுவார். அந்தப் பூக்கடையில் இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறேன். விவசாயிக்குக் கொடுக்கும் சீட்டிலும் தேதிக்குப் பக்கத்தில் கிழமை அச்சாகிறது.